செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர்

செப்டம்பர் 9, செவ்வாய்

ஊருணித் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியைக் கொல்லும் வைரஸ் இருக்கும். செம்போ ஈயமோ கலந்தால் அந்த வைரஸ் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வாரமாக, எந்த உலோகமும் சேர்க்காத தண்ணீரிலும் பாசி சாகவே இல்லை. இந்த ஊருணியில் வைரஸே கிடையாது என்று என் ஆராய்ச்சி வழிகாட்டியான சாரிடம் சொல்லிவிட்டேன். அவரும் அறிக்கையில் எழுதிவிட்டார்.

தண்ணீரை நான் எடுக்கவில்லை. வெயிலுக்குப் பயந்து, கரையோரம் குடியிருக்கும் செல்வி அக்காவிடம் பாட்டில்களைக் கொடுத்து, வாரா வாரம் நிரப்பி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன். நோட்டில் 'எடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயர்தான்.

இன்று சந்தேகம் வந்து நேரில் போனேன். அக்கா பெருமையாகச் சொன்னார்: "காலேஜுக்குப் போற தண்ணியாச்சேன்னு, முந்துன நாளே சாமிக்கு வைக்கிற செம்புக் குடத்துல மோந்து வச்சுருவேம்மா. காலையில ஒங்க பாட்டில்ல ஊத்திக் குடுத்துவிடுவேன்."

இராத்திரி முழுக்கச் செம்பில் கிடந்தால் வைரஸ் எங்கே பிழைக்கும்?

என் முகத்தைப் பார்த்து, "நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்றார். "இல்லக்கா" என்றேன்.

புதுக்கோட்டையில் இறங்கியதும் சாருக்குப் போன் போட்டேன். தண்ணீரை நான்தான் எடுத்து இராத்திரிக்குக் கரையோரம் ஒரு வீட்டில் வைத்திருந்தேன், அங்கே செல்வி என்று ஒரு அம்மா எனக்குத் தெரியாமல் அதைக் குடத்தில் மாற்றி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். கொஞ்சம்கூட வாய் குழறவில்லை.

அக்காவின் பெயரைச் சாரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.