நிமிர்த்திக் கட்டிய சோளம்

அக்டோபர் 9

ராத்திரிக் காற்றில் மக்காச்சோளம் அத்தனையும் சாய்ந்துவிட்டது. விடிந்ததும் இவரும் நானும் சேற்றில் இறங்கி, நாலு நாலு செடியாக நிமிர்த்திச் சேர்த்துக் கட்டினோம். பக்கத்து நிலம் கொழுந்தனாருடையது. மனிதர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணி, செத்தவனை எழுப்பி உக்கார வைக்கிறீங்களா?"

சிரிப்பு வேறு. அவருடைய பயிர் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. சோம்பேறி.

அக்டோபர் 12

கையெல்லாம் இலை அறுத்த கீறல். இன்னும் பாதி நிலம் பாக்கி.

அக்டோபர் 20

அரசாங்க நிவாரணத்துக்குச் சேதம் பார்க்க வேளாண் அதிகாரி வந்தார். செருப்பில் சேறு படக்கூடாதாம், வரப்பை விட்டு இறங்கவில்லை.

"பயிர் நிக்குதேம்மா. இதுல என்ன சேதம்?"

"நாங்கதான் சார் நிக்க வச்சோம். வேர் அறுந்துபோச்சு. கதிர்ல மணி பிடிக்காது."

"கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுத முடியும்."

எங்களுக்கு ஒன்றுமில்லை. கொழுந்தனாருக்கு முழுச் சேதம்! அதிலும் தன் நிலத்துக் கிணற்றடி மூலையையும் சேர்த்து எழுதவைத்திருக்கிறார். அங்கே ஒரு விதைகூடப் போடவில்லை. காற்று எதைச் சாய்த்தது, அவர் மூஞ்சியையா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "விடுடி, என் தம்பி." விட்டேன். ஏன் விட்டேன்?

நவம்பர் 15

கதிர் ஒடித்தோம். உரிக்க உரிக்க வெறும் சக்கை. மாடு தின்னட்டும். அடுத்த விதைப்புக்கு என்ன செய்வது என்று இவரைக் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்.

நவம்பர் 18

கொழுந்தனார் வந்தார். "நிலத்தை எனக்கே குத்தகைக்கு விட்டுடுண்ணா. நீயும் அண்ணியும் கூலிக்கு வந்துடுங்க." என் நிலத்தில் எனக்குக் கூலி! இவர் தலையாட்டப் பார்த்தார்.

மேல்முறையீடு செய்யப்போகிறோம், பயிர் சாய்ந்ததைப் பார்த்தேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும் என்றேன்.

"நான் எங்க பாத்தேன் அண்ணி?"

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பாதிதான் குடித்திருந்தார். இவருக்கு என் மேல் கோபம். இருக்கட்டுமே! எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நவம்பர் 27

மேல்முறையீட்டை விசாரிக்க மேலதிகாரி வந்தார். அறுவடை முடிந்துவிட்டதே, இனிமேல் எங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாதாம். போகிற போக்கில், பக்கத்து நிலத்தையும் சரிபார்க்கணும், எல்லை காட்டுங்க என்றார். இவர் வீட்டுக்குள் போய்விட்டார். நான் நேராகக் கிணற்றடி மூலைக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் உயரத்துக்குக் களை. சோளக்கட்டை ஒன்றுகூட இல்லை.

"இங்க விதைக்கவே இல்ல சார்."

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். வயிறு குளிர்ந்தது.

டிசம்பர் 3

பொய்க்கணக்குக் கொடுத்ததால் கொழுந்தனார் வாங்கிய நிவாரணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டுமாம். வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். இவர் என்னோடு பேசுவதில்லை. தனியாகத் தட்டு போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

டிசம்பர் 9

தம்பிக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடாம் – எங்கள் நிலத்தை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் இந்த மனிதர். குத்தகை என்றாலாவது பணம் வந்திருக்கும், இப்போது அதுவும் கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசம்பர் 14

நாளை விதைப்பு. "அண்ணியை வரச் சொல்லு, கூலி தரேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் கொழுந்தனார்.

போவேன். அந்த மண்ணில் வேறொருத்தி விதை போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.