சங்கக் கணினி மூடியிருந்த காலை

10.07.2024, புதன்கிழமை.

எமது பாற்கூட்டுறவுச் சங்கத்தின் கணினி பழுதானாலோ களவுபோனாலோ கணக்கும் அழியும், ஆகவே வெளியில் ஒரு பிரதி வேண்டுமென்று பல கூட்டங்களில் சொன்னேன். பொருளாளர் கந்தையா, "களவெடுக்க இஞ்ச என்ன கிடக்கு, மாட்டின்ர பேரோ?" என்று தட்டிக்கழித்தார்.

கணக்கில்லாவிட்டால் என்ன இழப்பென்று அளந்தே பார்ப்போமென்று செயலாளர் சுமதி இன்று காலை கணினியை மூடிவைத்தார். சென்ற வாரம் ஊற்றிய பாலை அங்கத்தவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால், புதுக்குடியிருப்பு மாடுகள் அனைத்தும் சேர்ந்தும் கறக்க முடியாத அளவு வந்தது. மிகக் கூடுதலாகச் சொன்னவர் கந்தையாவின் மனைவி.

"போதும் பிள்ளை, கொம்பியூட்டரைப் போடும்," என்றார் கந்தையா. "கொப்பியும் ஒண்டு எடும்."

"எங்க வைக்கிறது, ஐயா?" என்று கேட்டார் சுமதி.

"கனகராயன்குளத்தில, என்ர தங்கச்சி வீட்டில. சண்டையில இடம்பெயர்ந்து திரும்பின நாளிலயிருந்து எங்கட காணி உறுதிப் பத்திரத்தின்ர கொப்பியும் அங்கதான் கிடக்கு."

நாளை, 11ஆந் திகதி, பிரதியை நானே பஸ்ஸில் கொண்டுசெல்கிறேன்.