முருகேசன் கையெழுத்து

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் என் ஆதார் அட்டையைக் கொடுத்து நாலு பிரதி கேட்டேன். கொல்கத்தா நியூ டவுனிலேயே வேறு ஃபிளாட்டுக்கு மாறுகிறேன், வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் நீட்டிய தாள்கள் சூடாக இருந்தன. அந்தச் சூடும், மை லேசாகக் கருகினாற்போல் வரும் வாசனையும் சேர்ந்து என்னைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டன. பின்னால் நின்றவர் வங்காள மொழியில் அக்கா என்று கூப்பிட்டு, "தீதி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. டெங்கு வந்து ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோனது. இத்தனை நாளாக உனக்கு ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பாதி தமிழ், பாதி வங்காளம் பேசுவாய், கோபம் வந்தால் முழுக்க வங்காளம். நான் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள். ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டி, "இன்னிக்கும் புளிச்சோறா? உங்க ஊர்ல வேற எதுவும் சமைக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அதில் பாதியை நீயே தின்றுவிடுவாய்.

வயிற்றில் ஏழு வாரம் என்று எனக்குத் தெரிந்தபோது, நான் காதலித்தவன் ஹைதராபாத்துக்கு மாற்றல் வாங்கிப் போயிருந்தான். "நீயே பாத்துப் பண்ணிக்க" என்று ஒரு மெசேஜ் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. கர்ப்பத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. என் பயமெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அவரைத் தெரியும். அம்மா போன பிறகு என்னைத் தனியாளாக வளர்த்தவர். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

நியூ டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில், கல்யாணம் ஆகவில்லை என்றதும் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினார்கள். ரசீது கிடையாது என்றும் சொன்னார்கள். நான் கொடுத்துவிடத் தயாராக இருந்தேன். நீதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய்.

"பயந்தவங்களுக்குத் தனி ரேட்டா? ஆரே பாபா, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில இத சும்மா பண்றாங்கடி. சட்டம் இருக்கு."

சட்டம் என்றால் எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஹெல்மெட் போடாவிட்டால் பிடிக்கிற போலீஸ்தான். அது நம் பக்கத்தில் வந்து நிற்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் தெற்குப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் கண்ணாடி போட்ட கிளார்க். படிவத்தில் என் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதியிருந்தேன், மகேஸ்வரி முருகேசன் என்று. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நபர் என்ற இடத்தில், பழக்க தோஷம், முருகேசன் என்று எழுதி அப்பாவின் நம்பரையும் போட்டுவிட்டேன். இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு. எங்கள் ஊரில் அது கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? "முருகேசன் உங்க கணவரா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கல்யாணம் ஆகவில்லை என்று அந்த வரிசைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. சொந்த அப்பாவைப் புருஷனாக்கிவிட்டு அங்கே மரம் மாதிரி நின்றேன்.

"அப்படின்னா அவர் வந்து கையெழுத்துப் போடணும். வர முடியலைன்னா நான் பேசறேன், நம்பர்தான் இருக்கே" என்று அவர் போனை எடுத்தார். நான் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வெளியே டீக்கடைக்காரர், எல்லாருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன், மண் குவளையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நீ வந்து வங்காளத்தில் கிளார்க்கைத் திட்டிக்கொண்டே டீ கேட்டாய். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது, நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். புருஷன் வராத பெண்கள், புருஷனே இல்லாத பெண்கள் எல்லாருக்கும் அங்கே அவர்தான் புருஷன். போன வாரம் மட்டும் மூன்று பேருக்காம். காசு எதுவும் வாங்குவதில்லை. கிளார்க் பாபுவும் இவர் கடையில்தான் தினமும் டீ குடிக்கிறாராம்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"தாதா போடட்டும்டி. ஒரு கையெழுத்துதான? அப்பாவுக்குப் போன் போயிரக் கூடாது. உன் கால்ல வேணா விழுறேன்."

"போட்டா முடிஞ்சிரும், நிஜந்தான். ஆனா உனக்கு எதுக்குடி புருஷன் கையெழுத்து? நீ என்ன மைனரா? இருபத்தாறு வயசு. உன் கையெழுத்து போதும்னு சட்டத்துல இருக்கு."

"சட்டம் வந்து கவுண்டர்ல பேசுமா?"

"நான் பேசறேன்."

தாதாவிடம், உங்கள் மனசு பெரிசு, இன்றைக்கு ஒருநாள் கல்யாணத்திலிருந்து உங்களுக்கு லீவு என்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போய், போனில் இருந்த கருக்கலைப்புச் சட்டத்தை அச்செடுத்து, சூடு ஆறுவதற்குள் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டாய். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் என்று முன்பு இருந்த இடத்தில், திருத்தத்துக்குப் பிறகு, துணை என்று இருக்கிறது, அதனால் கல்யாணம் ஆகாதவளுக்கும் அது பொருந்தும். அவள் பெயரை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. மூன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினாய்.

மறுபடி கவுண்டர். நீ குரலை உயர்த்தவே இல்லை. "முருகேசன் இவளோட அப்பா. இவளுக்குக் கல்யாணம் ஆகலை. கையெழுத்து இவளே போடுவா" என்று அந்த வரிசைக்கே கேட்கும்படி வங்காளத்தில் சொன்னாய். எனக்கு எந்த வாக்கியம் வாயில் வரவில்லையோ அதை நீ காய்கறி விலை கேட்பதுபோலச் சொல்லி முடித்துவிட்டாய். எதுவும் இடிந்து விழவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

இங்கே இதுதான் வழக்கம் என்றார் கிளார்க். "சரி தாதா, கணவர் கையெழுத்து இல்லாததால சேர்க்க மாட்டோம்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று ஒரு வெற்றுத் தாளை நீட்டினாய். இத்தனை வருஷமாக எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்ட மனிதரிடம் முதல்முறையாக ஒருத்தி கையெழுத்துக் கேட்டாள். அவர் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், எழுந்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

வயதான டாக்டரம்மா. சட்டத்தின் தாள்களை நீ நீட்டியபோது அதெல்லாம் தெரியும் என்று தள்ளி வைத்தார். கிளார்க்கிடம், இவள் பெரியவள்தானே, யாரைக் கூப்பிடப் போனீர்கள் என்று கேட்டார். படிவத்தில் இருந்த அப்பாவின் நம்பரை அவரே பேனாவால் கோடு போட்டு அடித்து நீக்கினார். பிறகு உங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, இது உன் முடிவுதானா என்று என்னிடம் கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உன் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"என்னடி இப்படி நடுங்குது?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்தச் சட்டத்த நேத்துதான் முதல்தடவை படிச்சேன். பாதி புரியவே இல்ல."

அன்று எனக்கு வந்த பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை. நாம் இருவரும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, எங்கோ டெல்லியில், நம்மைக் கண்டிராதவர்கள் உட்கார்ந்து எழுதியது அது, பிறகு அதைத் திருத்தியவர்களும் நம்மைக் கண்டதில்லை. கோவில்பட்டிக்காரிக்கும் பொருந்தும், கொல்கத்தாக்காரிக்கும் பொருந்தும். பணம் இருக்கிறவளுக்கும் இல்லாதவளுக்கும் ஒரே வரி. ஆனால் அது தாளில் இருந்தது. ஒரே நாள் படிப்பில், பாதி புரியாமல், நடுங்குகிற கையோடு நீ அதைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தாய். சட்டத்தைப் பார்த்து மலைப்பதா, உன்னைப் பார்த்து மலைப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். கல்யாணப் பேச்சோடுதான் வந்தார். ஒரு ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கவுண்டரில் அவரைக் கணவர் என்று தலையாட்டியதைக்கூட. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "உன்கூட யாரு இருந்தா?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். நீ இறந்த அன்று நான் போனில் அழுதது அவருக்கு நினைவிருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பனான்னு எனக்கே தெரியலம்மா" என்றார் அப்பா. "அந்தப் புள்ள வந்திருக்கு."

அதன் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். ஊருக்குத் திரும்பும் முன் கார்டன் ரீச்சுக்குப் போய் உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். எதற்கு வந்தோம் என்று அப்பா சொல்லவில்லை. உன் படத்துக்கு முன்னால் செருப்பில்லாமல் கைகட்டி நின்றார்.

இப்போதெல்லாம் ஆபீசில் பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். யார் சொல்லி வருகிறார்கள் என்று தெரியவில்லை. போன வாரம் ஒருத்தி, எதற்கு என்றுகூடச் சொல்லாமல், நாளைக்குத் தன்கூட வர முடியுமா என்று கேட்டாள். என் கை சில்லிட்டுத்தான் போனது. வருகிறேன் என்று சொன்னேன், போனேன்.