களிமண்ணில் சுல்தானின் தடம்

செவ்வாய், இரவு

பக்கத்து வீட்டு கரீம் பாயின் குதிரை சுல்தான். நெடுந்தூர ஓட்டத்தில் இடது முன்னங்கால் தசைநார் கிழிந்து, இப்போதுதான் தேறுகிறது. இன்று பாய் அதை நான் வேலை செய்யும் பீங்கான் பட்டறை வழியாக நடத்திக் கூட்டி வந்தார்.

"வீக்கம் வத்திடுச்சும்மா. அடுத்த மாசம் ஓட்டத்துக்கு இட்டுக்கினு போறேன்."

அதற்குள் சுல்தான் நாங்கள் பரப்பியிருந்த ஈரக் களிமண்ணில் இறங்கிவிட்டது.

"பாய், குதிரைக்குப் பீங்கான் செய்யக் கத்துத் தரீங்களா?" என்று மேஸ்திரி கத்தினார்.

நான் தடங்களையே பார்த்தேன். வலது குளம்பு ஆழமாக இறங்கியிருந்தது. இடது குளம்பு மேலாகத்தான் பதிந்திருந்தது. இடது காலில் அது இன்னும் முழுப் பாரம் போடவில்லை என்று பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

பாய் இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்தார். "கள்ளா, இன்னும் வலிக்குதா?" என்று அதன் கழுத்தைத் தடவினார். ஓட்டத்துக்கு இப்போது போகவில்லையாம்.

அந்த இரண்டு தடங்களையும் கலைக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். கால் தேறத் தேற, சுல்தான் இனிப் பதிக்கும் இடது தடம் இதைவிட ஆழமாகுமா? பார்க்க வேண்டும்.