கூட்டமில்லாத நாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு துணிக்கடை லிஃப்டில் பெரிய மனிதர் ஒருவர் மாட்டிக்கொண்டார். நான் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளிருந்தே எனக்கும் என் கம்பெனிக்கும் அர்ச்சனை நடந்தது. வெளியே வந்தவர் என்னை முறைத்துவிட்டு மீதி மாடிகளைப் படியேறிப் போனார். பரவாயில்லை, உடம்புக்கு நல்லது.

வீட்டில்தான் விஷயம். குருவி அடுத்த வருடம் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்கிறாளாம். அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். அவளிடமிருந்து எனக்கு வரும் தபாலெல்லாம் அந்த வழியாகத்தான்.

என்னால்தானா? வேறு யாரால்? இத்தனை வருடம் அம்மாவும் பெண்ணுமாக இருந்த வீடு. போன ஆண்டு கல்யாணம் என்ற பெயரில் நான் பெட்டியோடு வந்து இறங்கினேன். அதற்கு முன்னால் ‘அங்கிள்’ என்றாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போச்சு. பெயர், உறவு எதுவும் இல்லாமல் “கொஞ்சம் நகருங்க”, “அம்மா கூப்பிடுறாங்க” என்று அழகாகச் சமாளிக்கிறாள். பன்னிரண்டு வயதில் இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்ததில்லை.

மற்றவர்களிடம் வாய் ஓயாது, அதனால்தான் குருவி. என்னிடம் மட்டும் மௌன விரதம்.

மார்ச் 6, வெள்ளி

குருவி தன் தோழியோடு ஃபோனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, ஹாலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். தீம் பார்க்கில் புதிதாக ஒரு கோபுரம் வந்திருக்கிறதாம். உச்சிக்குக் கொண்டுபோய் அப்படியே கீழே விடுவார்களாம். “செத்தாலும் பரவால்ல, அதுல ஒரு தடவை ஏறணும்டி.”

நாள் முழுக்க மனிதர்கள் அப்படிக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. காசு கொடுத்து விழுகிறார்கள். ஆனால் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

மனைவியிடம் சொன்னேன், மூவரும் போகலாம் என்று. அவள் மருந்துக்கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “நான் வரல. நான் வந்தா அவ நாள் பூரா என்கிட்டயே ஒட்டிக்கிட்டு இருப்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

இரண்டு பேருமா?

மார்ச் 9, திங்கள்

மச்சானிடம் வாயைக் கொடுத்தேன். மனைவியின் தம்பி, உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. “மாமா, சனி ஞாயிறு பக்கமே போயிராதீங்க. ஒரு ரைடுக்கு ரெண்டு மணி நேரம் நிக்கணும். குருவி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

நியாயம்தான். என்னோடு ஐந்து நிமிடம் நிற்கவே அவள் யோசிக்கிறாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. வரிசையே இருக்கக் கூடாது. வெயில் வேண்டாம், மழையும் வேண்டாம். போனோமா, ஏறினோமா, அவள் சிரித்தாளா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

தீம் பார்க்கில் ஃபோன் எடுக்கும் பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது. “சொல்லுங்க சார், இன்னைக்கு என்ன டவுட்டு?”

மார்ச் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது. அடுத்த புதன்கிழமை ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சியாம். குருவியின் பள்ளிக்கு மட்டும் விடுமுறை, மற்ற பள்ளிகளெல்லாம் பரீட்சையில் மூழ்கியிருக்கும். ஃபோன் பெண்ணிடம் கேட்டேன். “அன்னைக்குக் கூட்டமே இருக்காது சார். தாராளமா வாங்க.” வானிலையும் நம் பக்கம்தான்.

குருவியிடம் நானே நேராகச் சொன்னேன். தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “கோபுரத்துல ஏறலாமா?” என்றாள்.

என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த மனைவி சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியும்.

மார்ச் 24, செவ்வாய்

நாளைக்கு. சூப்பர்வைசர் லீவு கொடுக்க மூக்கால் அழுதார். பஸ்ஸில் அவளோடு என்ன பேசுவது — பள்ளிக்கூடமா, சினிமாவா? படிப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

மார்ச் 25, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் இல்லை. ஃபோன் பெண் சொன்னது அட்சர சுத்தம். வாகனம் நிறுத்துமிடத்தில் இரண்டு கார், ஒரு நாய். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர் எங்களைக் கண்டதும் அவசரமாக டிபன் பாக்ஸை மூடினார். நான் பெருமையோடு குருவியைப் பார்த்தேன். அவள் நேராகக் கோபுரத்தை நோக்கி ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கோபுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது.’ பக்கத்தில் இருந்த ரோலர் கோஸ்டருக்கும் அதே பலகை. மேலே பெல்ட் மாட்டிய நாலைந்து ஆட்கள் நிம்மதியாக எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் நான் கேட்பது, ஆள் நடமாட்டம் குறைவான நேரம் எது என்றுதான். அந்த நேரத்தில்தான் லிஃப்டை நிறுத்திப் பிரிப்பேன். சர்வீஸ் பண்ணுகிறவன் எல்லோரும் அப்படித்தான். இது புத்தியில் உறைக்காமல், தேடித் தேடி, அவர்கள் பிரித்துப் போடுகிற நாளாகப் பார்த்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பதினெட்டு வருட சர்வீஸ். என்னை என்ன சொல்ல?

குருவி பலகையைப் படித்தாள். அண்ணாந்து அந்த ஆட்களைப் பார்த்தாள். “பரவால்ல” என்றாள்.

திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். விருந்தாளியிடம் சொல்வதுபோல அந்தப் ‘பரவால்ல’தான் என்னைக் கொன்றது.

சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து சுற்றும் பெரிய கோப்பைகளில் மூன்று முறை சுற்றினோம். எனக்கு முழங்கால் உள்ளே போகவில்லை. படகு விட்டோம். இடையில் ஏதாவது பேச வேண்டுமே என்று கோபுரத்தின் பிரேக் எப்படி வேலை செய்யும் என்று ஆரம்பித்தேன். வாயை மூடாமல் கொட்டாவி விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் அவள் ஜன்னலையும் நான் டிரைவர் முதுகையும் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்க வேண்டியதுதான்.

மார்ச் 26, வியாழன்

ஃபோன் பெண்ணிடம் கேட்டே விட்டேன். “ரைடு ஓடுமான்னு நீங்க கேக்கவே இல்லையே சார்.” கேட்கவில்லைதான்.

மார்ச் 28, சனி

வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே சிரிப்புச் சத்தம். சமையலறையில் குருவி தன் அம்மாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், என் முழங்கால் கோப்பைக்குள் போகாததை. “அதுகூடப் பரவால்லம்மா. கூட்டம் இல்லாதப்பதான் எதையும் கழட்டுவோம்னு தினம் சாப்பிடறப்ப சொல்றாரு. அவரே மறந்துட்டாரு.”

நான் சாப்பிடும்போது சொல்வதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டா இருந்தாள்? சுவரிடம் பேசுவதாக அல்லவா நினைத்திருந்தேன்.

செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 4, சனி

மறுபடியும் தீம் பார்க் போகிறோம் என்று குருவி அறிவித்துவிட்டாள். “இந்தத் தடவை நாள் நான் பாக்கறேன்.” லீவு விட்ட பிறகு வரும் முதல் ஞாயிறு. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். “மாமா, அன்னைக்கு ஊரே அங்கதான் இருக்கும். நசுங்கிருவீங்க.”

“ஊரே வர்ற நாள்ல எதையும் மூட மாட்டாங்க மாமா” என்றாள் குருவி தன் தாய்மாமனிடம்.

மச்சானுக்குத் தெரியாத விஷயம் ஒன்று கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கால் விண்விண் என்று தெறிக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஊரே வந்திருந்தது. கோபுரத்துக்கான வரிசை ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, கழிப்பறையைச் சுற்றி, மறுபடியும் ஐஸ்கிரீம் கடைக்கே வந்திருந்தது. முன்னால் ஒரு குழந்தை அழுகை, பின்னால் ஒரு கணவன் மனைவி சண்டை. நகரவே இல்லை. அப்படி நின்றால் எத்தனை நேரம்தான் ஒரு குருவியால் சும்மா இருக்க முடியும்? பேச ஆரம்பித்தாள். கணக்கு டீச்சர், பக்கத்து வீட்டு நாய், தோழி, தோழியின் அக்கா. நான் தலையாட்டவே நேரம் போதவில்லை.

“என் ஃப்ரெண்டு ஹாஸ்டல் போறேன்னா. அதான் நானும் கேட்டேன். இப்ப அவளே போகலையாம்” என்றாள்.

“ஓ” என்றேன்.

“உங்களாலன்னு நெனச்சீங்களா?”

“இல்லையே.”

“நெனச்சீங்க.”

ஒன்றரை மாதத் தூக்கம் அநியாயமாகப் போனதை யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு கழிப்பறைக்குப் போகிறேன் என்று கயிற்றுக்குக் கீழே புகுந்து போனாள். அவள் போனதும்தான் வரிசை நகர ஆரம்பித்தது. கிடுகிடுவென்று போனோம். பின்னால் திரும்பினால் தலைகளாக இருந்தன, இவளைக் காணோம். திரும்பி வந்தாலும் விடுவார்களா? இன்று வரிசையில் குறுக்கே புகுந்த ஒருவரை எல்லோரும் சேர்ந்து கிழித்துவிட்டிருந்தார்கள். விட்டுவிட்டுப் போய்த் தேடலாமா என்று எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

அப்போது பின்னாலிருந்து பேச்சு ஒன்று கைமாறி வந்தது. “வழி விடுங்க, அந்தப் பொண்ணோட அப்பா முன்னாடி நிக்கிறாராம்.” “யாரு?” “அவங்கப்பா முன்னாடி நிக்கிறாராம், விடுங்க.” என் பின்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மாள்கூட நிறுத்திவிட்டு, “சார், கொஞ்சம் ஒதுங்குங்க, அந்தப் பொண்ணோட அப்பா முன்னாடி இருக்காராம்” என்றாள்.

நானும் மரியாதையாக ஒதுங்கி நின்றேன். யார் அந்த அப்பா என்று முன்னால் எட்டிவேறு பார்த்தேன்.

குருவி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அப்புறம் அவள் கோபுரத்தைப் பார்த்தபடியே, “சும்மாதான் சொன்னேன். இல்லன்னா விட மாட்டாங்க” என்றாள்.

“சரிதான்” என்றேன்.

கோபுரத்தில் ஏறினோம். விழுந்தோம். அவள் கத்தினாள், நானும் கத்தினேன். அதைப் பற்றி எனக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், ரைடு எப்படி இருந்தது என்று.

வரிசை நல்லா இருந்தது என்றேன்.