ஐந்து மாதம் நீ மறைத்த துணி

எனக்கு முன்னால் நடந்தே பழகிய வசந்தியக்கா,

உன் மகள் தேவி நேற்றுப் பெரியவளானாள். உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீ கண்மூடி நாலு வருடம் ஆன பிறகும்.

நீ பெரியவளானதை ஐந்து மாதம் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் அப்பா எட்டாவதோடு நிறுத்திவிடுவார். பழைய பச்சைப் பாவாடையைக் கிழித்து வைத்துக்கொண்டாய். அலசியதை ஈரத்தோடு பின்சுவர் ஓட்டுக்கு அடியில் செருகுவாய். தொடையெல்லாம் புண். கள்ளிக்குப்பத்திலிருந்து பள்ளிவரை காலை அகட்டி நடந்தாய். "இன்னாக்கா, வாத்து மாதிரி நடக்கற?" என்று சிரித்தேன்.

எனக்கு எட்டு வயது. கறையோடு அந்தத் துணியை நான்தான் பார்த்தேன். தீட்டுத் துணிமேல் பாம்பு ஏறினால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறக்காது என்று குழாயடியில் பேசக் கேட்டிருந்தேன். ஏரிப் பக்கத்துப் பாம்புகள் நம் பின்சுவரில்தான் ஊரும். பயந்து ஓடினேன். "எம்மா, அக்கா துணி ஓட்டுக்கடில கீதும்மா. பாம்பு வந்துரும்மா!"

அவ்வளவுதான். பச்சை ஓலை, ஒலிபெருக்கி, மாமன் சீர். உன் புத்தகப்பை ஆணியில் தொங்கியது. அடுத்த ஜூனில் எனக்கு வந்தது.

பிறகு ஒருநாள் கேட்டேன், "எம்மேல கோவமாக்கா?"

"போடி லூசு. பாம்பு கிட்டேர்ந்து காப்பாத்திட்ட இல்ல?"

சிரித்தாய். அது சிரிப்புதானா?

உனக்குப் பின் தேவி நம் வீட்டில்தான் வளர்கிறாள். இன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது," என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

"சித்தி, எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன் சித்தி." தேவி அழுதாள்.

"சைக்கிள்ல ஏறு," என்றேன்.

அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "நாலு பேரு இன்னாடி சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்மா."

அம்மா தேவியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "வசந்தியும் இப்டித்தாண்டி அழுதா," என்று ஒதுங்கினாள்.

பள்ளிக்கு எதிரே, தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் பையில் நாப்கின் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். அந்த வயதில் அதன் பெயராவது உனக்குத் தெரிந்திருந்ததா?

மணி அடிக்க இன்னும் அரைமணி. நாளை அறிவியல். நாளையும் கூட்டி வருவேன். அவளே தனியாகச் சைக்கிள் மிதித்துப் போகும் நாள்வரை.

உன் தங்கை,
தேவிக்குச் சித்தி