திசைகாட்டிக்குக் கீழே அந்தோனியார்

ஏப்ரல் 21, செவ்வாய்

மழை விட்டு வெயில். உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டாயிற்று.

காலைச் செபத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லி நன்றி. டிலனுக்கு மார்க்கம் நகரத்துக் கொம்பியூட்டர் வேலையில் பதவி உயர்வு. ஷெரின் நேர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். சின்னவன் ஏபலுக்கு நீச்சலில் வெள்ளி. நிரோஷி கராஜுக்குள் விமானம் கட்டுகிறாள். இரண்டு பேர் போகலாம். மூன்று வருடமாக அவள் அப்பாவின் கார் வெளியே பனியில்.

இப்போது வயர் வேலை. ஒவ்வொரு வயருக்கும் ஓர் இலக்கம். சின்னக் குழாய்த் துண்டில் எழுதி நுனியில் மாட்ட வேண்டும். எழுதுவது நான். ஐந்தாம் வகுப்பில் பழகிய கை.

"அம்மம்மா, நீங்கள் எழுதின செவன் என்ர பிரின்டரை விட வடிவு," என்றாள் நிரோஷி.

சனிக்கிழமை பரிசோதகர் வருகிறார். வயரைப் பார்த்து ஓம் என்றால்தான் விமானத்தின் முன்பலகையை மூடலாம். தவறினால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

செவ்வாய், அந்தோனியாரின் நாள். அவள் சாப்பிடப் போன நேரம், முன்பலகைக்குப் பின்னால், திசைகாட்டிக்குக் கீழே ஒட்டியிருந்த துணியின் மூலையில் அவருடைய சின்னத் தகட்டுச் சுரூபத்தைக் குத்திவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன்

குளிர். முட்டுக்காய்ச் சொதி வைத்தேன். ஒருவரும் வந்து சாப்பிடவில்லை.

விமானத்தின் திசைகாட்டி பிழை. வடக்கைக் காட்டாமல் வேறெங்கோ பார்க்கிறது. பற்றரி வயர் கிட்டப் போவதால்தான் என்கிறாள். கட்டெல்லாம் வெட்டி, வயர்களை மற்றப் பக்கத்தால் கொண்டுபோகிறாள். இரண்டு கிழமை வேலை வீண். பிள்ளையின் முகம் பார்க்க முடியவில்லை.

அந்தோனியாரே, உள்ளேதானே இருக்கிறீர்.

ஏப்ரல் 23, வியாழன்

வயர் மாறியும் திசைகாட்டி மாறவில்லை. பற்றரியைக் கழற்றியும் அப்படியே.

மருமகன் ஜெராட்: "அப்ப கரண்டால இல்லைப் பிள்ளை. எங்கேயோ இரும்பு கிடக்கு."

"எல்லா ஸ்குரூவும் பித்தளை அப்பா! நானே போட்டனான்."

இரும்பு என்றதும் என் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அதில் எப்போதும் மூன்று சேப்டி பின். இப்போது இரண்டு.

அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

நிரோஷி தலையை உள்ளே விட்டு, பின்னைக் கழற்றினாள். திசைகாட்டி மெல்லத் திரும்பி வடக்கில் நின்றது. நான் அழப்போக, அவள் நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கிறாள்.

"ஸீரியஸ்லி அம்மம்மா? செயின்ட் அன்ரனி?"

"அவர் அலுமினியம். பின்தான் இரும்பு."

"மாமி இன்னும் அவருக்காகத்தான் கதைக்கிறா," என்றார் ஜெராட்.

ஏப்ரல் 24, வெள்ளி

கட்டு முழுக்கத் திரும்பக் கட்டினோம். பழைய வழியில் போன ஒரு வயரின் தோல் தகட்டு விளிம்பில் தேய்ந்திருந்ததாம். பிரித்தபடியால்தான் கண்டாளாம். மாற்றிவிட்டாள். அந்த இலக்கம் 31. திரும்ப எழுதினேன், இன்னும் வடிவாக.

இடுப்பு நோ. எண்ணெய் பூச வேண்டும்.

ஏப்ரல் 25, சனி

நல்ல வெயில். பரிசோதகர் உயரமான மனிதர், அதிகம் கதைக்கவில்லை. விரலால் வயரைத் தொட்டுத் தொட்டுப் போனார். நான் வாசலில், செபமாலையோடு. ஓரிடத்தில் நின்று ஏதோ கேட்டார்.

நிரோஷி என்னைக் காட்டினாள். இலக்கம் எழுதியது யார் என்று கேட்டாராம்! வந்து கை தந்தார். கையெழுத்தும் வைத்தார். பாஸ்.

அவர் போனதும் ரோல்ஸ் பொரித்தேன். ஜெராட் ஏழு சாப்பிட்டார்.

சுரூபம் இப்போது விமான இருக்கைப் பைக்குள். பின் இல்லை, நூலால் தைத்தது.

வட்ஸ்அப் குடும்பக் குறூப்பில் ஷெரின் பட்டமளிப்பு அங்கியோடு. ஏபல் பதக்கத்தோடு. நிரோஷிக்கு மட்டும் இன்னும் சின்ன வயதில், முன்பல் இல்லாத முதல்நன்மைப் படம். நாளைக்குப் பலகை மூடுகிறாளாம். காலையில் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்: மூட முதல் உள்ளே இருந்து ஒரு படம் எடுத்துப் போடு பிள்ளை. 31 தெரியவேண்டும்.